மண்ணுக்குச் சோறு போட்டவர்கள்



சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் துவரை, உளுந்து, பாசிப்பயறு என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கிறோம். கச்சாங் பூத்தே வண்டிக்காரரிடம் காகிதச் சுருளில் கடலை வாங்கித் தின்ற ருசி பலருக்கும் மறந்திருக்காது. இந்தப் பயறு இனத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மற்றப் பயிர்கள் மண்ணின் சத்தை எடுக்கும்; இவையோ மண்ணுக்குச் சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இந்த வரலாற்றில் நம் தோட்டத்து மக்களுக்கும், சென்னையில் கணக்குப் போட்ட அறிஞர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். தழைச்சத்து என்று உழவர்கள் சொல்வது இதிலிருந்து வருவதுதான். ஆனால் காத்துல இருப்பதைச் செடி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே நின்றும் குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான்! நெல் வயலில் உளுந்து விதைப்பதும், கொழுஞ்சியையும் சணப்பையையும் மடக்கி உழுவதும் நம் முன்னோர் அறிந்த வழி. காரணத்தை 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் விளக்கினார்: பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. 1888இல் ஹாலந்து நாட்டு பேயரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். நல்ல முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே நம் இரத்தம் போல் இளஞ்சிவப்பாக இருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பிறகு மலாயாவிலும், இங்கே செம்பவாங், நீசூன் பக்கங்களிலும் பால்மரக் காடுகள் பெருகின. நம்மவர் உழைப்பும் அங்கே சேர்ந்தது. தொடக்கத்தில் மரத்தடியில் ஒரு புல்லுகூட இருக்கக் கூடாது என்பதுதான் துரைமார் சட்டம். சுரண்டிய தரையில் மழை அடித்தால் மேல்மண் நிற்குமா? ஓடையோடு போயிற்று. பின்னர்தான் பயறு இனத்துக் கொடிகளான புவரேரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் ஆகியவற்றைத் தரையை மூடிப் படர விட்டார்கள். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இக்கொடிகளை ஆராய்ந்தது. கொடியின் பெயர் நூல்களில் இருக்கிறது. விதைத்த கைகளின் பெயரை யார் எழுதினார்?

வேர் முடிச்சுக்குள் வேலை செய்வது நைட்ரோஜனேஸ் என்னும் நொதி. இதே வேலையை ஆலையில் செய்ய 1909இல் ஹேபர் வழி கண்டார். 1913இல் பெரிய ஆலை எழுந்தது. அதற்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் பெரும் அழுத்தமும் வேண்டும். நுண்ணுயிரோ மண்ணின் சூட்டிலேயே சத்தமின்றிச் செய்துவிடுகிறது! எப்படி? 1992இல் அமெரிக்காவில் ரீஸ் குழுவினர் அந்த நொதியின் அமைப்பைக் கண்டனர். அதன் மையத்தில் 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம் அணுக்கள். நடுவில் ஒளிந்திருந்த அணு கார்பன் என்று 2011இல் சோதனையும் கணக்கும் சேர்ந்து உறுதி செய்தன.

கணக்கு என்றவுடன் சென்னை நினைவுக்கு வர வேண்டும். நொதி என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அந்த மாலை நினைத்தபடி மடங்க முடியாது. அணுவும் அணுவும் மோதும். எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம் என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு வரைந்தனர். உலகில் எங்கே ஒரு நொதியின் படம் வரைந்தாலும், அது சரிதானா என்று 'ராமச்சந்திரன் வரைபடம்' கொண்டுதான் இன்றும் சரிபார்க்கிறார்கள். இது சும்மாவா?

ஆயினும் நைட்ரோஜனேஸ் தன் இரகசியம் முழுவதையும் சொல்லிவிடவில்லை. அதன் மையத்தில் எலக்ட்ரான்கள் நடத்தும் ஆட்டத்தைத் துல்லியமாகக் கணக்கிட இன்றைய பெரிய கம்ப்யூட்டரும் திணறுகிறது. குவாண்டம் கணினி இதற்கு உதவுமா என்று 2017இல் ஒரு குழு ஆராய்ந்து எழுதியது. அத்துறைக்கென நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே 2007 முதல் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது.

இதில் நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். ஆலை உரத்துக்கு எரிபொருள் வேண்டும். விலை ஏறினால் ஏழை உழவன் தவிப்பான். அளவு மீறினால் ஆற்று நீரும் கெடும். நெல்லும் உளுந்தைப் போலத் தன் சத்தைத் தானே தேடிக்கொள்ளும் நாள் வந்தால் எத்தனை கோடி வயிறு குளிரும்!

பரிசு பெறும் பிள்ளைகளே! உங்கள் பாட்டன் பாட்டி கொடி விதைத்து மண்ணைக் காத்தார்கள். அந்தக் கொடியின் வேருக்குள் நடப்பதைக் கணக்கிட்டுக் காணும் வேலை மிச்சம் இருக்கிறது. அது உங்கள் கையில். படியுங்கள், வெல்லுங்கள், வாழ்க!