வேர்க்காத காய்

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு மேற்கே எந்தச் சாயாக்கடையிலும் 'கடலை' என்று கேட்டால், புட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டைக்கடலைக் கறி வரும். கிழக்கே, கோயம்புத்தூர்ச் சாலையில், அதே சொல்லுக்கு வறுத்த நிலக்கடலைப் பொட்டலம் கைக்கு வரும். நடுவில் இருக்கிறது வடகரப்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பு. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். காலடி மண் கறுப்பு. கேரளத்தில் கரிசல் என்று சொல்லத்தக்க மண் இந்தச் சித்தூர் வட்டாரத்தில்தான் உண்டு. இந்த மண்ணில் நிலக்கடலையும் விளையும். அதன் பெயர் எப்படி வந்தது என்று தேடப்போனால், சொல்லில் தொடங்கும் தேடல் செடியின் வேருக்குள் போய் முடிகிறது.

கடலை என்ற சொல் நிலக்கடலையைவிட வயதில் மூத்தது. தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் அது முதலில் கொண்டைக்கடலையையே குறித்தது. நிலக்கடலை தென் அமெரிக்கச் செடி. போர்த்துகீசியரும் ஸ்பானியரும் கடல்வழி திறந்த பிறகு நம் கரைக்கு வந்தது. வந்த விருந்தாளி வீட்டுக்காரன் பெயரை எடுத்துக்கொண்டான். அடுக்களையில் போய்ப் பாருங்கள். கடலைமாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை மூன்றும் பழைய கடலை. கடலை எண்ணெய், கடலைமிட்டாய், கடலைப் பிண்ணாக்கு மூன்றும் புதிய கடலை. மூத்தவனுக்குத்தான் தமிழில் 'கொண்டை' வைத்து அடையாளம் சொல்ல வேண்டியதாயிற்று. மலையாளத்தில் அந்தப் பறிப்பு நடக்கவில்லை. அங்கே தனிக் 'கடல' இன்றும் பழையவன்தான். புதியவனுக்கு நிலக்கடல என்று ஒரு பெயர், கப்பலண்டி என்று இன்னொன்று. கப்பலில் வந்த கொட்டை என்று அந்தப் பெயரே சொல்கிறது.

வந்த வழியைப் பெயரிலேயே வைத்திருப்பதில் தமிழும் சளைத்ததில்லை. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அது மணிலாக்கொட்டை. பிலிப்பைன்ஸ் தீவுகளின் துறைமுகம் மணிலா. அது வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை ஆனது. இன்று மல்லாட்டை தின்கிற பிள்ளைக்கு அதில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் ஒளிந்திருப்பது தெரியாது. இலங்கைத் தமிழர் கச்சான் என்பார்கள். அங்கே ஒரு காற்றுக்கும் அதுதான் பெயர்.

ஊரின் பெயரை விட்டுவிட்டு, காய் இருக்கும் இடத்தைச் சொல்லும் பெயர்கள் இன்னொரு வகை. ஆஸ்டெக் மக்களின் நாவட்டில் மொழிப் பெயருக்கு 'மண் கொக்கோ' என்று பொருள். சீனத்தில் 'பூ விழப் பிறப்பது'. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த அராக்கிஸ் ஹைப்போஜியா என்ற அறிவியல் பெயரின் பின்பாதி கிரேக்கத்தில் 'மண்ணுக்கு அடியில்'. நிலக்கடலையும் இந்த வரிசைதான். ஆனால் தமிழில் வேர்க்கடலையும் தெலுங்கில் வேருசனகவும் ஒரு படி தாண்டி, மண்ணை விட்டு வேரைப் பிடித்துக்கொண்டன. சனக என்பது தெலுங்கில் கொண்டைக்கடலை. இரண்டு மொழியும் ஒரே அச்சில் வார்த்த பெயர்.

இந்த இடத்தில்தான் தாவரவியல் ஆசிரியர் குறுக்கிடுவார்: வேரில் காய்ப்பதல்ல அது, பூவில் காய்ப்பது. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்ற பின் சூலகத்தின் அடி நீண்டு, ஊசிபோல் தரையை நோக்கி இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, இருட்டில் காயாகப் பருக்கிறது. வேருக்கும் அதற்கும் உறவில்லை. ஆகவே வேர்க்கடலை என்பது பிழையான பெயர். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேர் என்ற சொல்லையே கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். தமிழில் இரண்டு வேர் உண்டு. ஒன்று மண்ணுக்குள் போவது. மற்றது உடம்பில் அரும்புவது: வேர்த்தது, வேர்க்கிறது, வேர்வை. இந்த இரண்டாவது, 'வியர்' என்ற அடி சுருங்கி வந்தது. பிறப்பு வேறு, ஒலி ஒன்று. வேர்க்கடலையில் இருப்பது எந்த வேர் என்பதற்கு நடுவில் நிற்கும் 'க்' சாட்சி. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது. ஊறுகாய், சுடுசோறு என்போம். 'வேர்க்கும் கடலை' என்பது பொருளானால் வேர்கடலை என்றே நின்றிருக்கும். ஒற்று மிகுந்ததால் இது பெயர்ச்சொல், மண்ணுக்குள் போகும் வேர். இலக்கணம் இரண்டையும் பிரித்துவைக்கிறது. செடியோ இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

முடிச்சின் பெயர் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம். மண்நீரில் அது மின்னேற்றம் கொண்ட அயனியாக இருக்கிறது. உயிருள்ள செல் அதைத் தன் உள்ளே சேரவிடாது. செல்லின் உள்நீரில் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். மீறி நுழைவதைச் சவ்விலுள்ள பம்புகள் ஓயாமல் வெளியேற்றுகின்றன. ஏன் இந்தக் கண்டிப்பு? செல்லுக்குக் கால்சியம் ஒரு செய்தி. அமைதியான வீட்டில்தான் கதவு தட்டுவது கேட்கும்.

அந்தத் தட்டலை வேரில் பார்க்கலாம். பயறுக் குடும்பத்து வேர்கள் மண்ணில் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன. வேருக்கும் வேர்க்கிறது என்று சொன்னால் தப்பில்லை. அதை மோப்பம் பிடித்த ரைசோபியம் பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு வேதிக்குறியை அனுப்புகிறது. குறி வந்து சேர்ந்ததும் வேர்ச்செல்லின் உட்கருவைச் சுற்றிக் கால்சியம் தாளம் போட்டதுபோல் ஏறி இறங்குகிறது. குதிரைமசால் வேரில் இந்தத் துடிப்பை 1996இல் கண்டறிந்தார்கள். அதைப் படித்துக்கொண்டு செடி வேர்முடிச்சு கட்டத் தொடங்குகிறது. நிலக்கடலையில் பாக்டீரியா நுழையும் வழி மட்டும் வேறு: வேர்த்தூவி வழியாக வராமல், பக்கவேர் கிளம்பும் வெடிப்பு வழியாகப் புகுகிறது.

செய்தியைக் காப்பாற்ற வேண்டுமானால் சரக்கைக் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு. இலையில் சமைத்த உணவைக் கீழே இறக்கும் குழாய்கள் உயிருள்ள செல்களால் ஆனவை. கால்சியத்தை உள்ளே விடாத செல்கள். ஆகவே மேலே போன கால்சியம் திரும்பி இறங்குவதில்லை. மேலே ஏற ஒரே வழி, வேரிலிருந்து இலைக்குப் போகும் நீரோட்டம். அதை இழுப்பது இலை விடும் ஆவி. வெயிலில் இலை வேர்க்கிறது. அந்த வேர்வையின் இழுப்பில் சுண்ணாம்பும் போய் இலையில் தங்கிவிடுகிறது.

மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு வேர்க்காது. வேர்க்காத காய்க்கு நீரோட்டம் திரும்பாது, சுண்ணாம்பும் கிடைக்காது. வேர் எத்தனை நல்ல மண்ணில் இருந்தாலும் காய் பட்டினிதான். எனவே ஊசியும் இளங்காயும் தங்கள் தோலிலேயே, நுண்ணிய தூவிகளுடன், சுற்றியுள்ள மண்ணிலிருந்து சுண்ணாம்பை நேராக உறிஞ்சிக்கொள்கின்றன. ஃபிளாரிடாவில் ஆராய்ந்தவர்கள் கதிரியக்கக் கால்சியத்தை வைத்துத் தடம்பிடித்து 1949இல் இதை எழுதினார்கள். வேர்க்கத் தெரியாத காய் வேராகிறது. பிறப்பால் அது கனி, பிழைப்பால் வேர்.

பயிர் செய்கிறவர்கள் அந்த ஊசிக்கு வைத்திருக்கும் பெயர் விழுது. 'விழுது இறங்குது' என்பார்கள். விழு என்ற அடியிலிருந்து வந்த சொல். ஆலமரத்தில் மேலிருந்து இறங்கி மண்ணைத் தொட்டதும் வேராகிவிடுவதற்கும் அதே பெயர். பூவின் அடியிலிருந்து வருவதை வேரினத்தில் சேர்த்தது கதிரியக்க ஆய்வைப் படித்தல்ல. வரப்பில் குந்திப் பார்த்ததில் கிடைத்த பெயராகவே எனக்குப் படுகிறது.

சுண்ணாம்புச்சத்துக்காக ஜிப்சம் போடும் முறையும் அந்தப் பெயருக்கு ஒத்துப்போகிறது. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 400 கிலோ பரிந்துரை. விழுது இறங்கும் சமயம் பார்த்து, செடி அடியில் தூவி மண் அணைப்பார்கள். ஆழத்தில் இருக்கும் வேருக்கான உரமல்ல அது, மேல் மண்ணில் தங்கும் காய்க்கு. கேரளத்தின் புளிப்பான செம்புரை மண்ணில் நீற்றுச் சுண்ணாம்பே இட வேண்டியிருக்கும். சித்தூர்க் கரிசலிலோ சுண்ணாம்பு மண்ணோடு பிறந்தது.

சத்து எட்டாத காயின் ஓடு முழுசாகத்தான் இருக்கும். உடைத்தால் உள்ளே பருப்பிருக்காது. அதற்குப் பெயர் பொக்கு. இனி எவராவது வேர்க்கடலை பிழையான பெயர் என்று என்னிடம் சொன்னால், கூடையிலிருந்து ஒரு பொக்கை எடுத்து அவர் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வேராக முடியாமல் போன காய் அது.