காரணம் கேட்கும் உரிமை: அமெரிக்கப் பள்ளிப் பயிற்சியாளர்களின் பணிப் பாதுகாப்பு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியாளர் பலருக்கு ஒரே வளாகத்தில் இரண்டு வேலை: பகலில் வகுப்பறை, மாலையில் மைதானம். ஆசிரியர் பணிக்குத் தகுதிகாண் காலம் முடிந்ததும் பல மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. பயிற்சியாளர் பொறுப்போ பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தனி ஒப்பந்தம். புதுப்பிக்காமல் விட்டால் பல இடங்களில் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 1972-இல் ரோத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதற்கு இடம் தருகிறது: வேலை தொடரும் என்ற நம்பிக்கை போதாது, தொடர்வதற்கான உரிமை மாநிலச் சட்டம், ஒப்பந்தம் போன்ற ஏதேனும் ஒன்றில் வேரூன்றியிருந்தால்தான் விசாரணை கோர முடியும்.

இந்தப் பிளவு எப்படி வலிக்கும் என்பதை ரோடரிக் ஜாக்சனின் வழக்கு காட்டுகிறது. அலபாமாவின் பர்மிங்காமில் என்ஸ்லி உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி அளித்தவர் அவர். தம் மாணவியருக்கு ஆண்களுக்குச் சமமான நிதியும் உபகரணங்களும் ஆடுகள வசதியும் இல்லையென்று 2000 டிசம்பர் முதல் மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அதன்பின் தமக்குப் பாதகமான பணி மதிப்பீடுகள் வந்ததாக அவரது மனு கூறியது. 2001 மே மாதம் பயிற்சியாளர் பொறுப்பு போயிற்று. அதற்கான கூடுதல் ஊதியமும் போயிற்று. ஆசிரியர் வேலை மட்டும் அப்படியே இருந்தது.

பாலினப் பாகுபாட்டை எதிர்த்து முறையிட்டவரைப் பழிவாங்குவதும் பாகுபாடே என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்து, அவர் வழக்கைத் தொடர வழிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது காத்தது அவருடைய புகாரை. பயிற்சியாளர் பதவியை அல்ல. ஆட்டம் முடிந்து மைதானத்தில் பிரார்த்தித்த பள்ளிப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றதும் மதச் சுதந்திரம், பேச்சுரிமை ஆகியவற்றின் பெயரில்தான். தன் பிள்ளையை ஏன் களமிறக்கவில்லை என்று கொதிக்கும் பெற்றோரால் வேலையிழப்பவருக்கு இத்தகைய பெரிய உரிமை எதுவும் கைகொடுக்காது. அவரே என் கவலை.

மின்னசோட்டா அவரை நினைத்துப் பார்த்திருக்கிறது. அங்கே முதன்மை அணியின் தலைமைப் பயிற்சியாளருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தால் பள்ளி வாரியம் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் 10 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் தரவேண்டும். வாரியக் கூட்டத்தில் பதில் சொல்லவும் வாய்ப்பளிக்க வேண்டும். பெற்றோர் புகார்கள் இருப்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாக இருக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 'மட்டுமே' என்ற அந்தச் சொல்லில் ஓட்டை உண்டு. புகாரோடு வேறொரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். இருந்தாலும் அந்த இன்னொரு காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறதே, அதுவே பெரிய தடை.

மாணவர் பாதுகாப்பு கருதி விரைந்து நீக்கும் அதிகாரம் வேண்டாமா என்பார்கள். கட்டாயம் வேண்டும். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அன்றைக்கே விலக்கி வைக்கலாம். பருவம் முடிந்தபின் நிதானமாக எடுக்கும் முடிவுக்கு அந்த அவசரத்தைச் சாக்காகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

மின்னசோட்டாவின் விதியும் தலைமைப் பயிற்சியாளரோடு நின்றுவிடுகிறது. கென்னடி முதன்மை அணியில் உதவிப் பயிற்சியாளர். அந்தப் பொறுப்பில் அங்கே இருந்திருந்தால், இந்த விதியின்படி காரணம் கேட்கும் உரிமை அவருக்கு இருந்திருக்காது.