வெள்ளானைக்கு முன் சென்ற பரி

நெடுவழி செல்வோர் ஒரு பரிமேல் இவர்ந்து, மற்றொரு பரியைக் கயிற்றாற் பற்றி உடன் நடத்திச் செல்லுதல் பழைய வழக்கு. ஏறிய பரி இளைத்தவிடத்து உடன்வந்த பரி உதவும். இச்செலவிற்கு நடத்துவோன் கையிற் கயிறு இன்றியமையாதது. கயிறு நழுவுமாயின் இரு பரியும் ஒருவழிப்படா. இவ்வாறன்றி, கட்டும் கயிறுமின்றி, பரியொன்று பிறிதோர் ஊர்தியை வலம்வந்து அதற்கு முன்னே வழிச்சென்ற வரலாறொன்று சைவவுலகில் உண்டு. அஃது ஆளுடைய நம்பிகள் வெள்ளானைமீதும், சேரமான் பெருமாணாயனார் பரிமீதும் திருக்கயிலை சென்ற வரலாறாம்.

இதனை விரித்துரைத்த சேக்கிழார் பெருமான் தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் தோன்றியவர். அவ்வூர் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே அணித்தாக உள்ளது. இப்பகுதி நம்பிகள் திருவடி தோய்ந்த நிலமுமாகும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட வடதிருமுல்லைவாயிலில் அவர் பாடிய திருப்பதிகம் இன்றும் ஓதப்பெறுகின்றது. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு தவறி, இரு கண்ணும் இழந்து, வழி காண்டற்கியலாத நிலையிலேதான் நம்பிகள் இத்தலத்தை அடைந்தார். அடுத்துத் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் ஒன்றே அளித்தான். காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். ஒருகாற் கோலூன்றித் தனிவழி நடந்த அவர்க்கு, இறுதிச் செலவில் முன்சென்று சேவிக்க ஓர் அரசர் வாய்த்தமை எண்ணி மகிழற்பாலது.

அவ்விறுதிச் செலவு மலைநாட்டுத் திருவஞ்சைக்களத்தில் நிகழ்ந்தது. திருக்கோயில் வாயிலில் வெள்ளானை வந்து நிற்ப, நம்பிகள் தம் தோழரை மனத்தில் நினைந்தவாறே அதன்மேற் சென்றார். அரண்மனையில் இருந்த சேரமான் அதனை உணர்ந்தார். அணித்தே நின்ற பரியொன்றின்மேல் ஏறினார். அதன் செவியிற் திருவைந்தெழுத்தை ஓதினார். பரி விசும்பிற் பாய்ந்தது, வெள்ளானையை வலம்வந்தது, பின்னர் அதற்கு முன்னே சென்றது. வெள்ளானைச் சருக்கம் கூறும் செய்தியின் சுருக்கம் இது.

அற்றேல், இப்பரி சேக்கிழார் கற்பனையோ எனின், ஆராய்தற்குரியது. நம்பிகள் கயிலை செல்லும்போது அருளிய நொடித்தான்மலைப் பதிகம் யானையையே பல்காலும் பேசுகின்றது. பரியைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சேக்கிழாரோ இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். நம்பிகளுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டுப் பிந்தியவர். ஆதலின், இடையில் யாரோ பரியைப் புனைந்தனர் என ஐயுறுதல் இயல்பே.

இவ்வையத்திற்கு விடை தஞ்சையிற் கிடைத்தது. இராசராசேச்சுரத்தின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், பிற்கால நாயக்கர் ஓவியப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி என்பார் கண்டு வெளிப்படுத்தினார். அவற்றுள் நம்பிகளைத் தடுத்தாட்கொண்ட வரலாறும், வெள்ளானைமேல் நம்பிகளும் பரிமேற் சேரமானும் கயிலை செல்லும் காட்சியும் உள்ளன. அக்கோயில் 1010-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. ஓவியம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தது. எனவே, பெரியபுராணம் எழுவதற்கு நூறாண்டுக்கு முன்னரே, யானையும் பரியும் ஒருங்கு சென்ற செய்தி சோழப் பேரரசன் கோயிற் சுவரில் தீட்டுதற்குரிய பெருமையுடன் வழங்கியது. சேக்கிழார் வழிவழி வந்த வரலாற்றையே போற்றி உரைத்தார் என்பது இதனால் வலியுறும். பதிகத்திற் பரி கூறப்படாமையும் குறையன்று. தமக்குக் கிடைத்த அருளை வியந்து பாடுவார் தாம் ஏறிய ஊர்தியைப் பாடுதலே முறை.

இனி, பரி முன்சென்றதன் கருத்து நோக்கத்தக்கது. முடிமன்னர் முன்னே செல்லுதல் தலைமை பற்றியது என மயங்கற்க. வலம்வந்தபின் முன்சென்றமையால், அஃது ஏவலர் செல்லும் செலவேயாம். இதற்குச் சான்று கயிலை வாயிலில் விளங்குகின்றது. நம்பிகள் உட்புகச் சேரமான் தடையுண்டு நின்றார். வழியில் முன்சென்றவர் வாயிலிற் பின்னாயினார். நம்பிகள் விண்ணப்பித்தபின்னரே அவர் அழைக்கப்பெற்றார். யாம் அழையாமல் வந்தது என்னை என்று இறைவன் வினவியபோது, ஆரூரர் யானைமுன் சேவித்து வந்ததனையும், திருவருள் வெள்ளமே தம்மைத் திருமுன்பு கொணர்ந்ததனையும் அவர் விடையாகக் கூறினார். அதன்பின் தாம் பாடிய திருக்கயிலாய ஞானவுலாவைக் கேட்பித்தார். அரசரென்றும் புலவரென்றும் தம்மை முற்படக் கூறாது, அடியார்க்குச் செய்த ஏவலையே முதற்கண் கூறியமை உய்த்துணரத்தக்கது.

சித்தாந்த நூல்கள் உயிரைப் பசு என்றும், அதனைப் பிணித்த கயிற்றைப் பாசம் என்றும் கூறும். கயிற்றாற் பற்றி நடத்தப்படும் பரிக்கு வழி தன்னுடையதன்று, கயிறு பற்றியவனுடையது. சேரமான் ஏறிய பரியை நடத்தியதோ செவியிற் புகுந்த ஐந்தெழுத்து. உயிர் பாசம் நீங்கித் திருவருள்வழி நிற்கும் நிலைக்கு இதனினும் எளிய சான்று வேறு வேண்டா. அந்நிலை தனித்தும் எய்தப்பட்டதன்று. நம்பிகள் தோழரை நினைந்தார். தோழர் நம்பிகளைத் தொடர்ந்தார். வழியில் ஒருவர் சேவிக்க, வாயிலில் மற்றவர் வேண்ட, இருவரும் ஒருங்கே திருவடி அடைந்தனர். அடியாரோடு கூடிய செலவில் முன்னென்றும் பின்னென்றும் இல்லை என்பதே அப்பரி காட்டிய வழியாகும்.

திருச்சிற்றம்பலம்.