அன்னம் கரைந்தது... பெயர் நின்றது!

'பீச் மெல்பா' சாப்பிட்டிருக்கிறீர்களா? வெனிலா ஐஸ்கிரீம், அதன்மேல் பாகில் ஊறிய பீச் பழம், அதற்கும் மேலே சிவக்கச் சிவக்க ராஸ்பெர்ரி கூழ். பீச் பழம், சரி... மெல்பா? அதுவும் ஏதோ பழம் என்று நினைத்திருந்தால், ஸாரி... அது ஒரு பெண்மணி!

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1861-ல் பிறந்த ஹெலன் மிட்செல், பாடகியாக ஐரோப்பா போனபோது சொந்த ஊரின் பெயரைச் சுருக்கித் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். நெல்லி மெல்பா! 1890-களில் லண்டன் ஆபரா மேடையின் முடிசூடா ராணி அவர்தான்.

அப்போது லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர், பிரான்ஸைச் சேர்ந்த எஸ்காஃபியே. சமையலில் மகா கில்லாடி. வாக்னரின் 'லோஹன்கிரின்' ஆபராவில் மெல்பா கதாநாயகி. அதில் கதாநாயகன் அன்னம் இழுக்கும் படகில் வந்து இறங்குவான். எஸ்காஃபியேவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை! மெல்பாவுக்கான விருந்தில், ஐஸ் கட்டியில் செதுக்கிய அன்னம் ஒன்று வந்தது. அதன் சிறகுகளுக்கு நடுவே ஐஸ்கிரீமும் பீச்சும். மேலே நூல் நூலாக இழுத்த சர்க்கரைப் பாகு! அன்று அதற்குப் பெயர் 'அன்னப் பீச்'. ராஸ்பெர்ரி கிடையாது.

1898-ல் கதை கசந்தது. எஸ்காஃபியேவையும் மேனேஜர் ரிட்ஸையும் சவாய் நிர்வாகம் வேலையை விட்டுத் தூக்கியது. சரக்கு சப்ளை செய்தவர்களிடம் கமிஷன் வாங்கியதாக 1900-ல் எஸ்காஃபியே எழுதிக் கையெழுத்தே போட்டார். அந்தக் காகிதம் வெளியே வந்தது 1980-களில்தான்!

ஆனால், இருவரும் முடங்கிவிடவில்லை. 1899-ல் கார்ல்டன் ஹோட்டல் திறந்தது. அங்கேதான் அன்னத்தைக் கழற்றிவிட்டு, ராஸ்பெர்ரி கூழைச் சேர்த்து, 'பீச் மெல்பா' என்று பெயர் சூட்டினார் எஸ்காஃபியே. யோசித்துப் பாருங்கள்... ஐஸ் அன்னத்தை எத்தனை ஹோட்டலில் செதுக்க முடியும்? பழம், ஐஸ்கிரீம், கூழ் என்றால் யாரும் செய்யலாமே! செய்தார்கள், உலகம் முழுக்க. இஷ்டத்துக்கு மாற்றியும் செய்தார்கள். இந்த மூன்றைத் தவிர எதைச் சேர்த்தாலும் ருசி கெட்டுவிடும் என்று எஸ்காஃபியே சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது?

மெல்பா 1931-லும் எஸ்காஃபியே 1935-லும் மறைந்தார்கள். பாடியவர் பெயர் மெனு கார்டில் இருக்கிறது. சமைத்தவர் பெயர்? தேடினாலும் கிடைக்காது. அடுத்த முறை சாப்பிடும்போது முதல் ஸ்பூனை அவருக்குச் சமர்ப்பித்துவிடுங்கள். இரண்டாவது ஸ்பூனில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் தட்டுப்பட்டால், அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்!