திருக்குருகூர்: ஒரு நூலைக் காத்த ஊர்

திவ்யதேசங்களுள் சில ஆங்கு எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை இட்டுப் பெயர் பெற்றவை. பொருநையாற்றின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் உள்ள திருக்குருகூரோ, ஆதிநாதர் எழுந்தருளியிருக்கும் தலமாயிருந்தும், உலக வழக்கில் ‘ஆழ்வார்திருநகரி’ என்றே நிலைபெற்றுவிட்டது. இப்பெயர் மாற்றத்தைப் பக்தி மிகுதியால் நேர்ந்தது என்று கூறி அமைந்துவிடலாம். ஆயினும் அவ்வூரின் வரலாற்றை நோக்குவார்க்கு வேறொன்றும் புலப்படும். வயலும் வாய்க்காலுமாக அமைந்த ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர், திருவாய்மொழி என்னும் நூலைச் சுற்றியே தன் குடிவாழ்க்கையை அமைத்துக்கொண்டது. அந்நூல் மறைந்தபோதும் ஊரே அழிந்தபோதும், ஒன்றையொன்று மீட்டுக்கொண்டன. இதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊருக்கும் நூலுக்கும் உள்ள இத்தொடர்பை முதலில் அமைத்துவைத்தவர் ஆழ்வாரே ஆவர். 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியில் பதிகந்தோறும் நிகமனப் பாசுரத்தில் தம் திருநாமத்தை இடும் இடங்களில், பெரும்பாலும் குருகூரையும் சேர்த்தே அருளிச்செய்துள்ளார். ஆகவே திருவாய்மொழியை முற்றும் ஓதுபவன், எந்நாட்டில் இருப்பினும், மீண்டும் மீண்டும் இவ்வூருக்கு வந்து செல்பவனாகிறான். நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழி இவ்வூர் எம்பெருமானையே விஷயமாகக் கொண்டது. பரத்துவம் எங்கோ எட்டாத நிலத்தில் அன்று, திருக்குருகூரில் அர்ச்சையாய் நின்ற நிலையிலேயே விளங்குகிறது என்று அப்பதிகத்திற்கு நம் பூர்வாசாரியர்கள் கருத்துரைத்தனர். ஒரு சிற்றூரின் வீதியில் நின்று பரதெய்வ நிர்ணயம் செய்யலாம் என்பது அவ்வியாக்கியானத்தின் உட்கிடை. ஊருக்கு இதனினும் பெரிய ஏற்றம் வேறில்லை.

திருவாய்மொழிக்கு முதன்முதல் வியாக்கியானம் அருளிய ஆசாரியரின் பெயரிலும் இவ்வூரே நிற்கிறது. எம்பெருமானார் நியமனத்தால் ஆறாயிரப்படி அருளியவர் திருக்குருகைப்பிரான் பிள்ளான். பெரிய திருமலை நம்பியின் திருக்குமாரரான அவர் இவ்வூரில் பிறந்தவர் அல்லர். ஆயினும் ஆழ்வாரின் ஊர்ப்பெயரையே திருநாமமாகத் தரித்தார். ஆறாயிரப்படியை அடுத்து ஒன்பதினாயிரம், இருபத்து நாலாயிரம், ஈடு முப்பத்தாறாயிரம், பன்னீராயிரம் என வியாக்கியானங்கள் பெருகின. இவை திருவரங்கம் முதலிய இடங்களில் வளர்ந்தவை. ஆயினும் அவற்றுக்கு மூலமான பாசுரங்கள் மீண்டும் கிடைத்த இடம் குருகூரே.

முதல் இழப்பையும் மீட்பையும் குருபரம்பரை நூல்கள் விளங்கக் கூறுகின்றன. பாசுரங்கள் வழக்கொழிந்துபோக, அவற்றைத் தேடி நாதமுனிகள் வீரநாராயணபுரத்திலிருந்து தெற்கே வந்தார். அவருக்குக் குருகூரில் கிடைத்தது ஏட்டுச்சுவடி அன்று. மதுரகவியாழ்வாரின் வழிவந்த பராங்குசதாசர் என்னும் ஒருவர் கிடைத்தார். அவரிடம் எஞ்சியிருந்தது மதுரகவிகளின் கண்ணிநுண் சிறுத்தாம்பு; பதினொரு பாசுரங்களே கொண்ட சிறு பிரபந்தம். அதனைப் பன்னீராயிரம் உரு அநுசந்தித்து, ஆழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் நாதமுனிகள் பெற்றார் என்பது ஸம்பிரதாயம். இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. நாலாயிரமும் மறைந்த காலத்தில் மறையாதிருந்தது, ஆழ்வாரைப் பற்றி அவர் சீடர் பாடியதும், அதனை ஓதும் வழக்கத்தை விடாத ஊராரின் நாவுமே. திருக்கோளூரில் அவதரித்த மதுரகவிகள் குருகூருக்கு வந்து ஆசாரியன் திருவடியில் தங்கியதன் பயன், பின்வந்த நாதமுனிகள் காலத்தில் வெளிப்பட்டது.

இரண்டாம் இழப்பு இதனினும் கொடியது. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கிலிருந்து படையெடுப்புகள் தென்னாட்டை உலுக்கின. 1323ஆம் ஆண்டையொட்டி நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டு எழுந்தருள நேர்ந்தது. குருகூரிலிருந்து நம்மாழ்வாரின் அர்ச்சா விக்கிரகமும் வெளியேற நேர்ந்தது. மேற்கே கோழிக்கோடு, பின்னர்த் திருக்கணாம்பி என அலைந்த அந்நெடிய வழியில், ஆழ்வாரைப் பள்ளத்தாக்கிலிருந்து மீட்கும் முயற்சியில் தோழப்பர் என்னும் அடியவர் உயிர் நீத்தார் என்றும், அவர் குடும்பத்துக்கு ஆழ்வாரே தந்தையாய் நின்றார் என்றும் பெரியோர் கூறுவர். ஆழ்வார் வெளியேறிய பின் ஊர் காடாயிற்று. வாய்க்கால் பராமரிப்பாரின்றி, வீதிகள் புதர் மண்டி, திருப்புளியாழ்வார் நின்ற இடமே தெரியாதபடி ஆயிற்று என்பர்.

இந்நிலையில் வந்தவர் திருமலையாழ்வார். மதுரையில் பாண்டியரின் அரசவையில் பெரும்பொறுப்பில் இருந்த இவரை ஸம்பிரதாயப் பணிக்கு மீட்கும்படி பிள்ளை லோகாசாரியர் தம் அந்திமக் காலத்தில் நியமித்துச் சென்றார். கூரகுலோத்தம தாஸர் அந்நியமனத்தை நிறைவேற்றினார். திருமலையாழ்வார் ஈட்டை முறையாகக் கேட்டுத் தேர்ந்து, பின்னர்க் குருகூருக்கு எழுந்தருளினார். அங்கு அவர் முதலில் செய்தது காலட்சேபம் அன்று, காடு வெட்டுதல். ‘காடுவெட்டி குரு’ என்னும் வழக்கு அதனால் வந்ததே. ஆழ்வாரைத் திருக்கணாம்பியிலிருந்து மீண்டும் எழுந்தருளப் பண்ணினார், கோயிலைச் சீர்செய்தார், பவிஷ்யதாசாரியரான எம்பெருமானாருக்குத் தனித்திருக்கோயில் கண்டார், அதனைச் சூழ வீதிகள் அமைத்து, இராமானுச சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டு அடியார்களைக் குடியேற்றினார். திருவாய்மொழியில் அவருக்கு இருந்த ஈடுபாட்டால் ‘திருவாய்மொழிப்பிள்ளை’ என்றே வழங்கப்பெற்றார். ஆழ்வாரைப் போலவே அவரது திருநக்ஷத்திரமும் வைகாசி விசாகமாக அமைந்தது.

இவ்வரிசையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஈட்டின் பொருளை நன்கறிந்த ஓர் ஆசாரியர், அதனைச் சொல்லுவதற்கு முன் கேட்பார் வாழ்வதற்கு வீடும், நடப்பதற்கு வீதியும், தொழுவதற்குக் கோயிலும் அமைத்தார். காலட்சேபம் ஆசாரியன் ஒருவனால் மட்டும் நடைபெறுவது அன்று. கோஷ்டி வேண்டும், கோஷ்டிக்குக் குடிகள் வேண்டும், குடிகளுக்கு நீரும் நெல்லும் வேண்டும். பொருநை நீரைத் தந்தது, ஆசாரியர் ஊரைத் தந்தார்.

அதன் பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே விளைந்தது. 1370ஆம் ஆண்டு ஐப்பசி மூலத்தில் இவ்வூரில் மணவாள மாமுனிகள் அவதரித்தார். தாயாரின் ஊரான சிக்கில் கிடாரத்தில் இளமையில் வளர்ந்து, பின்னர்க் குருகூருக்கு வந்து திருவாய்மொழிப்பிள்ளையை ஆசிரயித்து ஈடு கேட்டார். யதிராஜ விம்சதி அவர் அருளியது இவ்வூர்ப் பவிஷ்யதாசாரியன் ஸந்நிதியில்தான். பிற்காலத்தில் அவர் திருவரங்கம் சென்று, நம்பெருமாள் திருமுன்பே ஈட்டை ஓராண்டு அருளிச்செய்ததை அடியார் அனைவரும் அறிவர். வியாக்கியானங்களின் வரலாற்றை உபதேசரத்தினமாலையில் நிரல்படத் தொகுத்துவைத்தவரும் அவரே. காடாய்க் கிடந்த ஊர் திருத்தப்பெறாதிருந்தால், இவ்வுபகாரங்கள் நமக்கு இவ்வழியில் வந்திரா.

ஊரின் நூற்பணி வியாக்கியானத்தோடு நின்றுவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், அணியிலக்கணமாகிய மாறனலங்காரத்தையும் மாறனகப்பொருளையும் இயற்றினார். நூற்பெயர்களிலேயே மாறனாகிய ஆழ்வார் நிற்கிறார். உதாரணச் செய்யுட்களும் ஆழ்வாரையும் எம்பெருமானையும் பாடுவன. மாறனலங்காரத்திற்கு உரை கண்டவர் காரிரத்தினக் கவிராயர். இத்தகைய கவிராயர் குடிகளின் வீடுகளில் ஏடுகள் வழிவழியாகப் பேணப்பட்டன. பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் இவ்வூருக்கு வந்து, வீதியில் எழுந்தருளிய ஆழ்வாரை மனமுருகி வேண்டியதையும், அதன்பின் இவ்வூர் இலட்சுமணக் கவிராயர் வாயிலாகப் பத்துப்பாட்டு ஏடு தமக்குக் கிட்டியதையும் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அந்நூல் நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் வெளிவந்தது. ஆழ்வாருக்காக ஏடு காத்த ஊர், சங்கத் தமிழுக்கும் ஏடு காத்துத் தந்தது.

ஊரும் நூலும் ஒன்றாய் நிற்பதை இன்றும் கண்ணாரக் காணும் நாள் வைகாசித் திருநாளின் ஐந்தாம் நாள். நவதிருப்பதிகளுள் ஸ்ரீவைகுண்டம், திருவரகுணமங்கை, திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதி, திருக்குளந்தை ஆகியவை ஆற்றின் வடகரையில் உள்ளவை. திருக்கோளூரும் தென்திருப்பேரையும் குருகூரோடு தென்கரையில் உள்ளவை. இரட்டைத் திருப்பதியில் கோயில்கள் இரண்டாதலின் ஒன்பது என்னும் எண் நிறைகிறது; நூற்றெட்டில் எண்ணும்போது அவ்விரண்டும் ஒன்றே. அன்று அத்திருப்பதி எம்பெருமான்கள் ஆறும் வயலும் கடந்து குருகூருக்கு எழுந்தருளி ஆழ்வாரின் மங்களாசாஸனத்தைப் பெறுகிறார்கள். இரவில் ஒன்பது கருட சேவை. ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்நின்று சேவை ஸாதிக்கிறார். அடியவன் எம்பெருமானைத் தேடிச் செல்வதே உலக முறை. இங்கோ பாடியவரைத் தேடிப் பாடப்பெற்றோர் வருகின்றனர். இத்திருநாளுக்குச் சுற்றூர்களிலிருந்து பல்லக்குத் தாங்கி வருவோரும், தளிகை செய்வோரும், மாலை கட்டுவோரும், கோஷ்டியில் ஓதுவோரும் ஒருங்கே கூடுகின்றனர். மார்கழி அத்யயன உத்ஸவத்தில் அரையர் சேவை நிகழும் மிகச் சில திவ்யதேசங்களுள் இதுவும் ஒன்று.

இனி நாம் செய்யத்தக்கது யாது? திருவாய்மொழியும் ஈடும் இன்று அச்சில் எளிதாகக் கிடைக்கின்றன. அதனால் நூலுக்கு இனி ஊர் வேண்டா என்று எண்ணுவோரும் உண்டு. குருகூரின் வரலாறு அதனை மறுக்கிறது. நாதமுனிகளுக்கு உதவியது ஓதும் வழக்கம். திருவாய்மொழிப்பிள்ளை முதலில் அமைத்தது குடியிருப்பு. சாமிநாதையருக்குக் கிடைத்தது ஒரு வீட்டார் பேணிய ஏடு. இம்மூன்றும் புத்தகத்தால் நிறைவேறுவன அல்ல. தொழில் நாடி இளைஞர் நகரங்களுக்குச் செல்லும் இக்காலத்தில், அக்ரஹார வீடுகள் பூட்டிக் கிடப்பதும் கோஷ்டி மெலிவதும் ஆற்றங்கரைத் திவ்யதேசங்கள் பலவற்றிலும் காணும் நிலை. அரையர் அபிநயமும் இசையும் கற்பார்க்கு வாழ்க்கைப் பொருள் அமைத்தல், கவிராயர் வீடுகளிலும் பிற இல்லங்களிலும் எஞ்சிய சுவடிகளை உரியவரிடமே வைத்து முறையாகப் படியெடுத்தல், திருநாட்களுக்கேனும் ஊருக்குச் சென்று கோஷ்டியில் நின்று ஓதுதல் ஆகிய இவை நம் காலத்துக்குரிய காடுவெட்டும் பணிகள்.

பெருங்கல்வி உடையோர்க்கே இவை உரியன என்பதில்லை. பராங்குசதாசர் காத்தவை பதினொரு பாசுரங்களே. நாலாயிரமும் மீள அவை போதியனவாயிருந்தன.