சாயவேர் சொல்லும் சரிதம்

ஆலைப் புகையும் துறைமுகத் தூசியும் படிந்த வடசென்னைக்கு வண்ணத்தோடு என்ன உறவு என்று கேட்பார் உளர். ஊர்ப் பெயர்களே விடை கூறும்.

ஆங்கில வணிகக் குழுவினர் 1639-இல் சென்னைக் கரையை நாடியது எதற்காக? பொன்னுக்காக அன்று, வண்ணத் துணிக்காக! துணி வெளுப்போர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை அடுத்து நெசவாளரைக் குடியேற்றினார். காலெட் பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆளுநர் பெயர் திரிந்தேனும் நிற்கிறது. நெய்தவன் பெயர் எங்கே? சாயமிட்டவன் பெயர் எங்கே?

அவர்தம் அறிவு எளியதன்று. கடலோர மணலில் வளரும் சிறு செடி இம்பூறல். அதன் வேரே சாயவேர். வேரை அரைத்துப் பூசினால் மட்டும் நிறம் நில்லாது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துவர். பின்னர்ப் படிகார நீரால் கோலம் தீட்டுவர். அதன்பின் சாயவேர் நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடமெல்லாம் செக்கச் சிவக்கும். படாத இடத்து மங்கல் நிறம் வெளுக்க வெளுக்க, வெயிலில் காயக் காய அகலும். நீலம் வேண்டின், வேண்டாத இடத்தை மெழுகால் மூடி, அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். வேதியியல் என்ற சொல்லையே கேளாதவர், வேதியியலையே தொழிலாய்க் கொண்டிருந்தனர்!

ஐரோப்பா மயங்கிற்று, இங்கிலாந்தின் நெசவாளர் அஞ்சினர். 1700-இல் வண்ணத் துணியின் இறக்குமதிக்குத் தடைச் சட்டம். 1721-இல் உடுத்தவும் தடை! போட்டியில் வெல்ல இயலாதோர் சட்டத்தின் துணை தேடினர். 1742-இல் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயத் தொழில் அறிந்தோரிடம் முறையைக் கேட்டறிந்து தம் நாட்டுக்குக் கடிதமாய் எழுதினார். இங்கே வாய்மொழியாய் வாழ்ந்தது, அங்கே அச்சேறிற்று.

1868-இல் செர்மானிய அறிஞர் கிரேபேயும் லீபர்மனும் அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். நம் சாயவேரில் உறைவதும் அப்பொருளே! 1897-இல் செயற்கை நீலமும் சந்தை ஏறிற்று. வேர் தோண்டியோர் வாழ்வு வேரற்றது.

அந்நியனை மட்டும் நொந்து பயன் என்ன? ஏடு ஒருவனுக்கு, உழைப்பு வேறொருவனுக்கு என்று பிறப்பால் பிரித்தது யார்? கற்றவன் கை தொட்டியில் நனையவில்லை. தொட்டியில் நனைந்த கைக்கு எழுத்து எட்டவில்லை. கையும் ஏடும் கூடியிருந்தால், அந்த ஆய்வுக்கூடம் நம் கரையிலும் எழுந்திருக்கலாம் அன்றோ?

அலிசரின் என்ற சொல்லை மாணவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியரே, இம்பூறலையும் உடன் சொல்லுங்கள். காலடிப்பேட்டைச் சிறுவன் தன் ஊரின் அறிவை அறியட்டும், தலை நிமிரட்டும்!