யானைகள் ஒரே சந்தில்

இரவுப் பணி. திரையில், ஒரு ஸ்விட்சிலிருந்து மேலே போகும் நான்கு இணைப்புகள். ஒன்று மூச்சுமுட்ட நிரம்பி பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் சும்மா கிடந்தன. "என்னடா இது, பக்கத்துல ரோடு காலியா இருக்கே?" என்றேன். "ஹாஷ் அப்படி விழுந்திருக்கு" என்றான் நண்பன், ஜாதகம் சொல்வதுபோல.

இந்த நான்கு வழிகளின் பூர்வீகம் தொலைபேசி. ராட்சத ஸ்விட்ச் வேண்டாம், சின்னச் சின்ன ஸ்விட்சுகளை மூன்று அடுக்காகக் கோத்து, நடு அடுக்கில் போதுமான அளவு வைத்தால் எந்த அழைப்பும் தடைபடாது என்று 1953இல் கணக்குப் போட்டுக் காட்டினார் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளோஸ். 2008இல் சான் டியாகோவில் அல்-ஃபாரெஸ், லூகிசாஸ், வாஹ்தத் மூவரும் அந்த வழியைத் தரவு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள்: 48 போர்ட் உள்ள சாதாரண ஸ்விட்சுகளை மட்டும் வைத்து 27,648 கணினிகளை இணைக்கலாம்.

சரி, வழி நிறைய இருக்கு. யாரை எதில் அனுப்புவது? முகவரி, போர்ட் எண்களை ஒன்றாகப் பிசைந்து ஓர் எண் எடுத்து, அது காட்டும் பாதையில் அனுப்புவதுதான் நடைமுறை. ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேரக்கூடாதென்று அத்தனையும் ஒரே பாதை. இதில் இரண்டு பெரிய ஓட்டங்கள் (துறையில் பெயரே 'யானை'தான்) ஒரே சந்துக்குள் நுழைந்தால் தீர்ந்தது.

எனக்குப் பிடித்த தீர்வு லெஸ்லி வேலியன்ட் 1980களின் தொடக்கத்தில் சொன்னது: நேராகப் போகாதே, குருட்டாம்போக்கில் ஓர் இடைப்பட்ட இடத்துக்குப் போய், அங்கிருந்து இலக்குக்குப் போ. கேட்டால் கிறுக்குத்தனம். ஆனால் எல்லாரும் நேர்வழியே போனால் நடுவில் முட்டிக்கொள்ளும்படி ஏதாவது ஒரு போக்குவரத்து அமைந்துவிடும்; தற்செயல் அதைக் கலைத்துப்போடும். மைக்ரோசாஃப்டின் விஎல்2 இதை 2009இல் தரவு மையத்துக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ஹெடெரா, மையத்திலிருந்தே யானைகளைக் கண்டுபிடித்து இடம் மாற்றப் பார்த்தது.

மெய்நிகர் இயந்திரங்கள் வந்ததும் சிக்கல் வேறு. அவற்றின் பாக்கெட்டுகள் எல்லாம் இன்னொரு உறைக்குள் போகின்றன. இரண்டு சர்வர்களுக்கிடையே நூறு உரையாடல் இருந்தாலும் உறைமேல் ஒரே ஜோடி முகவரிதான். அதனால்தான் 2014இல் வெளியான விஎக்ஸ்லான் ஆவணம், உள்ளே இருப்பதைப் பிசைந்த எண்ணை உறையின் அனுப்பும் போர்ட்டாகப் போடச் சொல்கிறது. சின்னத் தந்திரம். உறையைப் பிரிக்காமலே ஸ்விட்ச் ஓட்டங்களைப் பிரித்துவிடும்.

அன்று எங்கள் சர்வர்கள் இரண்டில், அந்த போர்ட்டை யாரோ நிலையான எண்ணாக வைத்திருந்தார்கள். ஜாதகம் இல்லை. விடியற்காலை நாலரைக்கு ஒரு வரியை மாற்றினோம். நான்கு கோடுகளும் மெல்ல அருகருகே வந்தபோது, நண்பன் டீ வாங்கப் போயிருந்தான்.